மூன்று ஒழுங்கான திருகுகள்

"அந்தப் பொம்பளைதான் காரணம்னு எழுதிக் குடுத்துட்டுக் கிளம்புங்க. இதுல துப்பறிய என்ன இருக்கு?"

ருட்கெர் இரண்டு கைகளையும் மேசைமேல் போட்டார். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை வெள்ளைக் கட்டு. மே முதல் தேதி காலையில் ஒரு மோரிஸ் மைனரின் பானட்டுக்கு அடியிலிருந்து கிளம்பிய தீயைத் தன் தோல் ஜாக்கெட்டால் அடித்து அணைத்த கைகள் அவை. ஹெல்லெபோ பழைய கார் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். அந்தக் கட்டை ஒரு வாரமாக மெடல் மாதிரி எல்லோருக்கும் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.

சங்கம் வரவழைத்த துப்பறிவாளர் டீரா லிண்ட்மார்க் எழுந்திருக்கவில்லை. ஐம்பத்தெட்டு வயது. இருபது வருடம் காப்பீட்டுக் கம்பெனிகளுக்காகப் பொய்யர்களைப் பிடித்தாள்; இப்போது சொந்தக் கணக்கில் பிடிக்கிறாள். கார் ஓட்டத் தெரியாது. தெரியாததில் வருத்தமும் கிடையாது. ஓட்டுவதற்கும் பேசுவதற்கும் சாப்பிடுவதற்கும் அவள் யெர்கரை வைத்திருந்தாள். காகித ஆலையின் இரவு ஷிப்டிலிருந்து ஒரு நாள் பாதியில் எழுந்து வந்தவன், திரும்பிப் போகவில்லை.

யெர்கர் சுற்றிலும் பார்த்தான். ஒரு காலத்தில் வெண்ணெய் எடுத்த கட்டடம். இப்போது சங்கத்தின் பட்டறை. பன்னிரண்டு கார்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றையும் அதன் சொந்தக்காரன் குளிர்காலம் முழுக்கத் துடைப்பான். வெயில் வந்ததும் ஐஸ்கிரீம் கடை வரை ஓட்டிப் போவான். திரும்பி வந்து மறுபடியும் துடைப்பான். இதற்கு ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு கொடி, கொடிக்கு ஒரு கம்பம்.

"நாம என்ன நிரூபிக்கணும்னு கிளையண்டே சொல்லிட்டாரு பாஸ்," என்றான் யெர்கர். "இனிமே நாம கண்ணத் தொறக்க வேண்டியதே இல்ல."

"நீ வாயை மூடினாப் போதும்."

மேசை நடுவில் ஒரு தட்டில் அந்தக் கார்புரேட்டர் கிடந்தது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டும் சாமான். ஒரு பக்கம் மணி கவிழ்த்த மாதிரி மூடி. இன்னொரு பக்கம் பெட்ரோல் தேங்கி நிற்கும் சின்னக் கிண்ணம், அதற்கொரு மூடி. எல்லாம் கரி. போலீஸ்காரர்கள் படம் எடுத்துக்கொண்டு, விபத்து என்று சொல்லிவிட்டு, அதைச் சங்கத்திடமே விட்டுப் போயிருந்தார்கள்.

"யார் மாட்டினது இது?" என்றாள் டீரா.

"வென்டெலா. ஸ்கூல் வேன் ஓட்டுறவ. குளிர்காலத்துல இங்க செவ்வாக்கிழமை வகுப்பு நடத்துறோம், கார்புரேட்டரைக் கழட்டி மாட்டுறதுக்கு. எட்டுப் பேர் வந்தாங்க. ஒருத்திதான் பொம்பள." ருட்கெர் மூக்கால் சிரித்தார். "உருளைக்கிழங்கு வேகவைக்கிற சட்டியில ஊறப்போட்டா. பல் தேய்க்கிற பிரஷ்ஷால தேச்சா. ஸ்க்ரூடிரைவரைக் கரண்டி மாதிரிப் பிடிப்பா. அன்னிக்கு எல்லாரும் கொடிக்குக் கீழ வரிசையா நின்னு எஞ்சினை ஓட விட்டிருக்கோம். இவ வண்டியில கிண்ணம் நிறைஞ்சு பெட்ரோல் வழிஞ்சிருக்கு. கீழ சுடச்சுட புகைக்குழாய். வேற என்ன ஆகும்?"

"திங்கக்கிழமை அவ போலீஸ்ல தப்பை ஒத்துக்கப் போறான்னு கேள்விப்பட்டேன்," என்றாள் டீரா.

"ஒத்துக்கட்டும்."

"கவனக்குறைவால ஒருத்தருக்குக் காயம்னு கேஸ் வரும். அப்புறம் எந்த ஊர்லயும் அவளை நம்பிக் குழந்தைங்கள வேன்ல ஏத்த மாட்டாங்க."

"அதை ஸ்க்ரூடிரைவரைத் தொடறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்."

டீரா குனிந்தாள். "யெர்கர், உன் கண்ணு எனக்கு வேணும். திருகுகளைப் பாரு. என்ன தெரியுதோ சொல்லு."

யெர்கர் கைவிளக்கைத் தட்டி எரியவைத்தான். பாட்டரி சாகும் நிலையில் இருந்தது. "மணி மூடியில ரெண்டு திருகு. தலையை எலி கடிச்ச மாதிரி இருக்கு. ஒண்ணோட பிளவு கிழக்கப் பாக்குது, இன்னொண்ணோடது வடக்க. புருஷன் பொண்டாட்டி சண்டை."

"கிண்ணத்து மூடி?"

"மூணு திருகு. அதுங்களும் கடி வாங்கினதுதான். ஆனா மூணும் ஒரே பக்கமா, ராஜா வர்றாருன்னு நிக்கிற பட்டாளம் மாதிரி விறைச்சு நிக்குது."

"ம்." டீரா நிமிர்ந்தாள். "ருட்கெர், உங்க வண்டி எது?"

சிவப்பு நிறத்தில் பெரிதாக ஒன்று. பானட்டைத் தூக்கியது யெர்கர். ருட்கெருக்குக் கை இல்லை. டீரா உள்ளே எட்டிப் பார்த்தாள். எண்ணெய்ப் பிசுக்கு, பழைய கந்தல், கண்ட கண்ட திசையில் முறுக்கி விட்ட திருகுகள்.

"நீங்க இல்ல," என்றாள்.

"நான் எது இல்ல?"

டீரா ஏற்கெனவே வாசலுக்குப் போய்விட்டாள்.

* * *

வென்டெலாவின் வீட்டுக் கூடத்தில் ஷூவைக் கழற்றும்போதுதான் யெர்கருக்குத் தன் சாக்ஸில் இருந்த ஓட்டை ஞாபகம் வந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. எதையும் கவனிக்கிற நிலையில் அவள் இல்லை. காபி ஊற்றினாள், ஏலக்காய் பன் வைத்தாள், உட்கார்ந்தாள், தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். தடித்த கைகள்.

"அவரோட கையைப் பாத்தீங்களா?" என்றாள்.

"அதைப் பாக்காம அவரைப் பாக்க முடியாது," என்றான் யெர்கர். "மூஞ்சிக்கு முன்னாடி அதுதான் வருது."

"நான்தான் பண்ணேன். யாரும் எனக்காக அலைய வேண்டாம். திங்கக்கிழமை சொல்லிடறேன். முடிஞ்சிரும்."

"என்ன பண்ணீங்க?" என்றாள் டீரா. "அதைச் சொல்லுங்க. முதல்லேருந்து."

வென்டெலா சொன்னாள். ஆரம்பத்தில் தயங்கி, பிறகு தயக்கம் மறந்துபோனது. வாழ்க்கையில் எதையும் கழற்றிப் பார்த்ததில்லை. முதல் நாள் ஒரு சின்ன ஸ்பிரிங் கையிலிருந்து எகிறிப்போய்ச் சுவரில் பட்டு எங்கோ விழுந்தது. எட்டுப் பேரும் மண்டியிட்டுத் தேடினார்கள். கடைசியில் அவள் ஸ்வெட்டர் மடிப்பிலேயே இருந்தது. அதை வைத்து ஒரு மாதம் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவள் ரொட்டி சுடும் தட்டில் ஒவ்வொரு துண்டையும் கழற்றிய வரிசையில் அடுக்கினாள். ஒவ்வொன்றின் படமும் அவள் கைபேசியில் இருந்தது.

"கிண்ணத்துக்குள்ள ஒரு மிதவை இருக்கும். பெட்ரோல் ஏறினா மிதவை மேல வந்து ஒரு ஊசியைத் தள்ளும், ஊசி வழியை அடைச்சிடும். பாத்ரூம் தொட்டி மாதிரிதான். பழைய மிதவை ஓட்டையாயிடுச்சு, புதுசு வாங்கினேன். பழசோட கை உலோகம், வளைச்சு உயரத்தைச் சரி பண்ணலாம். புதுசோட கை பிளாஸ்டிக். வளைக்க முடியாது. அப்போ என்ன பண்றதுன்னு சாமான் விக்கிறவருக்கு ரெண்டு தடவை போன் பண்ணேன்."

"என்ன சொன்னாரு?"

"ஊசி உக்கார்ற இடத்துக்கு அடியில ஒரு மெல்லிசான வாஷர் வைக்கச் சொன்னாரு. வெச்சேன். அளந்து பாத்தேன். சரியா இருந்துச்சு." அவள் குரல் இறங்கியது. "இருந்துச்சுன்னு நினைச்சேன். வீட்டு வாசல்ல மூணு நாள் எஞ்சினை ஓட விட்டேன், ஒரு சொட்டு வழியல. அது அதிர்ஷ்டம்தான் போல."

"வகுப்புல மிச்சம் ஏதாவது இருந்துச்சா?"

வென்டெலா முதல் தடவையாகச் சிரிக்கப் பார்த்தாள். அந்த வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு காலிப் புகையிலை டப்பா, மேலே பெயர் எழுதி ஒட்டியிருக்கும். எல்லாம் மாட்டி முடித்த பிறகும் கையில் மிஞ்சுகிற துண்டுகளை அதில் போட வேண்டும். கடைசி நாளில் எல்லோர் முன்னாலும் டப்பாவைத் திறப்பார்கள். யாருக்கு அதிகம் மிஞ்சியதோ அந்த ஆள் சங்கத்துக்கே கேக் செய்ய வேண்டும்.

"எல்லாரும் நான்தான் செய்யப்போறேன்னு முடிவு பண்ணிட்டாங்க. என்ன கேக்குன்னு கூடச் சொல்லிட்டாங்க. என் டப்பா காலி. என்னுது மட்டும்தான் காலி. மத்தவங்க மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்க. இங்வே மட்டும் முதுகுல தட்டிக் குடுத்தாரு. வகுப்பு நடத்துறவர் அவர்தான். ரொம்ப நல்லவர். தீப்பிடிச்ச அன்னிக்குக் கூட, 'முதல் தடவைன்னா இப்படித்தாம்மா, மனசுல வெச்சுக்காதே'ன்னு சொன்னாரு."

டீராவின் கோப்பை பாதி வழியில் நின்றது.

"வண்டி அதுக்கு முந்தின நாள் ராத்திரி எங்க இருந்துச்சு?"

"பட்டறையில. எல்லா வண்டியும் அங்கதான். காலையில சேர்ந்து கிளம்பறதுக்காக. நாங்கெல்லாம் ஏரிக்கரையில வசந்த விழா நெருப்புக்குப் போயிட்டோம்."

"எல்லாருமா?"

"இங்வே வரல. கூட்டம் அவருக்கு ஆகாது. பூட்டிட்டுப் போறேன்னு இருந்துட்டாரு."

காரில் ஏறியதும் யெர்கர் சொன்னான்: "ருட்கெரைப் பிடிச்சு உள்ள போட்டா எனக்குச் சந்தோஷமா இருக்கும் பாஸ். மூஞ்சியே சாட்சி சொல்லுது."

"திட்டுறவன் திட்டிட்டுப் போயிருவான். அவனுக்கு வேலை முடிஞ்சுது." டீரா பெல்ட்டை மாட்டினாள். "அந்தச் சாமான் விக்கிற ஆளுக்குப் போன் போடு. வாஷர் இல்லாம அந்த மிதவையைப் போட்டா என்ன ஆகும்னு கேளு. அப்புறம் ருட்கெருக்குப் போடு. நாலு மணிக்குப் பட்டறையோட பின்னறையில உக்காந்து காதைத் தொறந்து வெச்சுட்டு, வாயை மூடிட்டு இருக்கச் சொல்லு."

"ரெண்டாவது கஷ்டம்."

* * *

இங்வே எழுபது வயதிலும் சட்டையில் மடிப்புக் கலையாத மனிதர். பேச்சு வெண்ணெய். பட்டறைக்குள் வந்தவர்களுக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். காபி ஊற்றினார், கோப்பைகளின் காதுகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்திருந்தன. சுவரில் ஸ்பானர்கள் அளவு வாரியாகத் தொங்கின. அலமாரியில் எட்டுப் புகையிலை டப்பாக்கள், பெயர்கள் முன்னால் தெரிய. மனிதர்களையும் இவர் இப்படித்தான் அடுக்கி வைத்திருப்பார் என்று யெர்கருக்குத் தோன்றியது.

"பாவம் வென்டெலா," என்றார் இங்வே. "அவளை ரொம்பக் கேள்வி கேக்காதீங்க. ஆர்வம் இருந்துச்சு. ஆனா கைன்னு ஒண்ணு வேணும் இல்லையா? அது சிலருக்குத்தான் வரும்."

"உண்மைதான்," என்றாள் டீரா. "இவனுக்கு வரவே வராது. விளக்குக்குப் பாட்டரி மாத்தத் தெரியல."

யெர்கர் உடனே முகத்தை மந்தமாக்கிக்கொண்டான். அவனுக்கு அது சிரமமான வேலை இல்லை. கைவிளக்கையும் புதுப் பாட்டரியையும் நீட்டினான். "பின்னாடி நாலு திருகு இருக்குங்க. ஒவ்வொரு தடவையும் ஒண்ணு கீழ விழுந்துருது."

"குடு தம்பி, குடு." இங்வே பாக்கெட்டிலிருந்து சின்ன ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். பேசிக்கொண்டே கழற்றினார், மாற்றினார், மூடினார். "நான் நாப்பது வருஷமா இதைத்தான் சொல்லிக் குடுக்கறேன். முதல் தடவை செய்யறவங்க ஏதாவது ஒண்ணு தப்பா வைப்பாங்க. அது விதி. யாரையும் நான் குத்தம் சொல்றதில்ல."

கடைசித் திருகு இறுகியது. அவர் அதைப் பார்த்தார். கால் சுற்று பின்னால் திருப்பித் தளர்த்தினார். நான்கு திருகுகளின் பிளவுகளும் ஒரே கோட்டில் வந்து நின்றன. திருப்தியாக விளக்கைத் திருப்பிக் கொடுத்தார்.

டீரா அதை வாங்கி மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். பக்கத்தில் கரி பிடித்த கார்புரேட்டர் இருந்த தட்டை இழுத்து வைத்தாள்.

"நாலு. மூணு. எல்லாம் பட்டாளம்," என்றாள். "வென்டெலா மாட்டின திருகு ரெண்டும் தறிகெட்டுக் கிடக்கு. அவளுக்கு இறுகினாப் போதும். கிண்ணத்து மூடியைக் கடைசியா மூடின கை அவளோடது இல்ல."

இங்வே புன்னகை செய்தார். "திருகு நேரா இருக்கறது குத்தமா?"

"இல்ல. யெர்கர், வென்டெலா டப்பாவை எடு."

யெர்கர் அலமாரியிலிருந்து எடுத்தான். குலுக்கினான். உள்ளே ஏதோ லேசாகச் சிணுங்கியது. மூடியைத் திறந்தான். மெல்லிய வாஷர் ஒன்று, பெட்ரோல் கறையோடு.

"கடைசி வகுப்புல இந்த டப்பா காலியா இருந்ததை எட்டுப் பேரும் பாத்தாங்க," என்றாள் டீரா. "வகுப்பு முடிஞ்ச பிறகு டப்பா தானா குட்டி போட்டிருக்கு."

இங்வேயின் புன்னகை முகத்திலேயே இருந்தது. யாரோ மறந்துவிட்டுப் போன சாமான் மாதிரி.

"கிண்ணத்து மூடியைக் கழட்டு," என்றாள் டீரா. யெர்கர் மூன்று திருகுகளையும் எடுத்து மூடியைப் புரட்டினான். மிதவை உருகி ஒட்டியிருந்தது. ஊசி உட்காரும் பித்தளைக் குமிழைத் திருகி எடுத்தான். அடியில் ஒன்றும் இல்லை.

"கொலைகாரன்கூடக் கத்தியை ஏரியில வீசுவான்," என்றான் யெர்கர். "நீங்க பேர் பாத்து டப்பாவுல போட்டு, மூடி, அலமாரியில வெச்சிருக்கீங்க. என்னங்க இது?"

"அது அவளோட பொருள்," என்றார் இங்வே. சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்குப் புரிந்தது. வெண்ணெய் உருகத் தொடங்கியது. "நான் ஒண்ணும் கெடுக்கல. சரி பண்ணேன்! காலையில எல்லார் முன்னாடியும் அவ வண்டி நிக்கப்போகுது, என் மாணவின்னு. காலி டப்பாவாம்! அவ ஒழுங்கா செஞ்சிருக்கவே முடியாது. எங்கயோ தப்பு இருக்கும்னு தெரியும், தொறந்து பாத்தேன். இருந்துச்சு. ஊசிக்கு அடியில வாஷரைச் செருகி வெச்சிருக்கா! நாப்பது வருஷத்துல அந்த இடத்துல நான் வாஷர் வெச்சதே இல்ல."

"நாப்பது வருஷமா நீங்க போட்டது வளைக்கிற கை," என்றாள் டீரா. "இது பிளாஸ்டிக். இதுக்கு வாஷர்தான் அளவு. அதை எடுத்தா ஊசி அடைக்கறதுக்குள்ள கிண்ணம் வழிஞ்சிடும். சாமான் விக்கிறவன் இவன்கிட்ட சொன்னதை அப்படியே சொல்றேன்: 'அந்தம்மா ரெண்டு தடவை கேட்டாங்க. இங்வேகிட்டேர்ந்து ஒரு தடவைகூட போன் வரல.' அவ செஞ்சது சரி. கார்புரேட்டர்ல இருந்த ஒரே தப்பு நீங்க."

"அவகிட்ட அப்புறமா சொல்லணும்னுதான் இருந்தேன். நயமா."

"தீப்பிடிச்ச பிறகு?"

இங்வே கோப்பையின் காதைத் திருப்பி நேராக்கினார். "முதல் தடவைன்னு அவளுக்கு ஒரு சாக்கு இருக்கு. எல்லாரும் மன்னிச்சிருவாங்க. எனக்கு என்ன இருக்கு?"

பின்னறைக் கதவு உதைபட்டுத் திறந்தது. கையால் திறக்க முடியாத மனிதர் வேறு என்ன செய்வார்? ருட்கெர் இரண்டு வெள்ளைக் கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு வந்து நின்றார். அடிக்கப் போகிறார் என்று யெர்கர் ஆவலோடு ஒதுங்கி வழிவிட்டான். அந்தக் கைகளால் அதுவும் முடியாது.

"ஒரு வாரமா," என்றார் ருட்கெர். "ஒரு வாரமா எனக்கு சூப் ஊட்டி விடறியேடா. உக்காந்து ஊட்டும்போதெல்லாம் அவளைப் பத்திப் பாவம் பாவம்னு சொன்னியே."

மூன்று திருகுகளும் மேசையில் உருண்டு கிடந்தன. இங்வேயின் விரல் தன்னையறியாமல் அவற்றை வரிசைப்படுத்தியது.

டீரா வென்டெலாவின் டப்பாவை எடுத்தாள். பெயர் எழுதிய நாடாவை உரித்துச் சுருட்டி எறிந்தாள். யெர்கரிடம் பேனா வாங்கி டப்பாமேல் நேராகவே எழுதினாள்: இங்வே. வாஷரை உள்ளே போட்டு அவர் முன்னால் வைத்தாள்.

"மிச்சம் உங்களுது. கேக் நீங்கதான் செய்யணும். திங்கக்கிழமை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிட்டு வந்த பிறகு செஞ்சாப் போதும்."

"ஸ்டேஷனுக்கு நான் கூட்டிட்டுப் போறேன் இவனை," என்றார் ருட்கெர். "என் சிவப்பு வண்டியில." தன் கைகளைப் பார்த்தார். முனகினார். "ஓட்டறதுக்கு அந்தப் பொம்பளையை வரச் சொல்லுங்க."

யெர்கர் வெளியே வந்து வென்டெலாவுக்குப் போன் செய்தான். நடந்ததை ஒரே மூச்சில் சொன்னான்: இங்வே, வாஷர், டப்பா, போலீஸ், கேஸ் இல்லை, வேன் பத்திரம். மறுபக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகிறாளோ என்று நினைத்தான். அழுகிறவர்களிடம் பேச அவனுக்குத் தெரியாது. போனை டீரா பக்கம் நீட்டினான்.

"வென்டெலா?"

"அந்த வாஷர்," என்றது போனிலிருந்து வந்த குரல். வேனைப் பற்றிக் கேட்கவில்லை. இங்வேயைப் பற்றியும் கேட்கவில்லை. "நான் வெச்ச இடத்துலதான் வைக்கணுமா?"

"அங்கதான்."

"அப்போ நான் சரியா மாட்டியிருந்தேன்."

"திருகோட தலையைத்தான் தின்னு வெச்சிருக்கீங்க," என்றாள் டீரா. "மத்தது சரி."